காவலரணுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும்போது

இதை எழுதவா விடவா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை பிழையாக எழுதிவிடுவேனோ என்று ஒரு பயம். வீடு வாசல், பிள்ளை குட்டி எல்லாவற்றையும் பறிகொடுத்த சனத்துக்கு நடுவில் இருந்துகொண்டு ஒரு மோட்டார்சைக்கிள் போட்ட சத்தத்தைப் பற்றி எழுதுவதா என்று ஒரு வெட்கம். இவற்றைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அதை விளக்கத் தேவையில்லை, அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது எழுத வைத்தது கோயில். போன திருவிழாவில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, என்னை யாரென்று அறியாமல், என் கதையை எனக்கே சொன்னாள். அவள் கதையில் அம்மன் நேரில் வந்து மோட்டார்சைக்கிளின் சைலன்சரைக் கையால் பொத்தினாவாம். ஆமி சுட்ட சன்னமெல்லாம் பூவாய் விழுந்ததாம்.

"உங்கட பக்கத்திலதானாம் அக்கா நடந்தது. கேள்விப்படேல்லையோ?" என்று கேட்டாள்.

"ஓம், கேள்விப்பட்டனான்" என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காயை வெட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. நடக்காத ஒன்றை அம்மன் பேரில் ஏற்றி வைப்பது பாவமில்லையா. போதாததற்கு, நான் அன்றைக்குக் கும்பிட்டது பிள்ளையாரை. அம்மனை யார் கொண்டுவந்து சேர்த்தார்களோ தெரியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் தாய் தகப்பன் மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து, சிறு பிள்ளையாக இருந்த என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அண்ணன் மட்டும் பெரியப்பா வீட்டோடு மலையிலேயே தங்கிவிட்டார். நான் கலியாணம் கட்டியது புளியங்குளத்துக்கு அப்பால் பிறந்து வளர்ந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரரை. சண்டையில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளம் பக்கத்தில் ஒரு வயல் கிராமத்தில் வந்து இருந்தோம்.

பாதை திறந்து சமாதானம் என்று சொன்ன காலத்தில் அண்ணன் எங்களைத் தேடி வந்தார். சும்மா வரவில்லை. தான் ஓடிய பழைய ஜப்பான் மோட்டார்சைக்கிளை மரக்கறி லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் இறக்கினார்.

"தங்கச்சி, இது மலை ஏறுன வண்டி. மேல பனியில, மழையில ஒரு நாள்கூட என்னைய நடுவழியில விட்டது கெடையாது. தைரியமா வச்சிக்க" என்றார்.

அந்த வண்டிக்கு ஒரு குணம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது நல்ல பிள்ளை. வேகத்தைக் குறைக்க, முறுக்கிய கைப்பிடியை விட்டால், சில நேரம் சைலன்சருக்குள் 'டப்' என்று ஒரு வெடி கேட்கும். வெயில் காலத்தில் எப்போதாவது ஒருமுறை. மாரியில், குளிர் காலைகளில், அடிக்கடி. சமாதான காலத்தில் அது எங்களுக்குச் சிரிப்பு. இவர், என் மனுசன், வயலால் திரும்பி ஒழுங்கைக்குள் வந்தால் முதலில் நாய் ஓடும், பிறகுதான் வண்டி வரும். "என்ன, உங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் திருவிழாவோ?" என்று அயலில் கேட்பார்கள்.

பிறகு சமாதானம் முறிந்தது. பெரிய வீதியில் காவலரண்கள் கூடின. வீதியோரங்களில் குண்டு வெடிக்கத் தொடங்கியது. ஆண்கள் வீதியில் போனால் இறக்கி நிறுத்தி வைத்தார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அதனால் எங்கள் கிராமத்தில் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, அரசாங்கக் கந்தோருக்கு என்று பெண்கள்தான் மோட்டார்சைக்கிளில் போய்வரத் தொடங்கினோம். நானும் பழகினேன். சேலை கட்டிக்கொண்டு கியர் மாற்றப் பழகியது தனிக் கதை.

அந்த வருடம் என் மூத்த மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. மார்கழி மாதம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பரீட்சை மண்டபத்தை வவுனியாப் பட்டணத்துக்கு மாற்றிவிட்டார்கள். விடியற்காலையில் பஸ் இல்லை. ஓட்டோக்காரர் ஒருவரைக் கேட்டதற்கு, "அக்கா, காசு பிரச்சினையில்லை, எனக்கு ரெண்டு பெம்பிளைப் பிள்ளையள் இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஆகவே பிள்ளையை நான்தான் ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

முதல் நாள் சமய பாடம். நல்ல பனி. வழியில் ஒரு மரத்தடிப் பிள்ளையார் இருந்தார். அந்த வீதியால் போகிறவர்கள் அவருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவார்கள். அந்த நாட்களில் யாரும் உடைப்பதில்லை. தேங்காய் சிதறும் சத்தத்துக்கே சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லோரும் முழுத் தேங்காயை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போவோம். நானும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

பிள்ளையாரைத் தாண்டினால் இரண்டு காவலரண்கள். முதலாவது மதகடியில். அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் அந்த மதகுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்து, வீதி கறுத்துக் கிடந்தது. மண்மூட்டைகள் தெரிந்ததும் வேகத்தைக் குறைக்கக் கைப்பிடியை விட்டேன்.

டப்.

மண்மூட்டைக்கு மேலே தெரிந்த தலைகள் இல்லாமல் போயின. பிறகு துவக்குகளின் வாய்கள் மட்டும் மேலே வந்தன. நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன். வண்டி சரிந்தது. பிள்ளையின் கால் சைலன்சருக்குக் கீழே. அவள் கத்தவில்லை. கத்தினால் சுடுவார்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு இளம் ஆமிக்காரன் துவக்கை நீட்டியபடி வந்தான். அரைகுறைத் தமிழில், "என்ன சத்தம்? என்ன போட்டது?" என்றான்.

"ஒண்டும் போடேல்லை ஐயா. மோட்டார்சைக்கிள்தான் வெடிச்சது" என்றேன்.

வண்டியை நிமிர்த்தி ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். பண்ணினேன். நின்ற இடத்தில் அது பூனைக்குட்டி மாதிரி இரைந்தது. ஒரு வெடியும் இல்லை.

"இப்ப ஏன் சத்தம் இல்லை? பொய்?"

என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு நிலைமை வந்ததில்லை. வெடித்தால் துவக்கோடு நிற்கிறவன் பதறிவிடுவான். வெடிக்காவிட்டால் நான் பொய்க்காரி. "முறுக்கி விடு" என்றான். முருகா என்று மனதுக்குள் சொல்லி முறுக்கி விட்டேன். இல்லை. மறுபடி முறுக்கி விட்டேன். அப்போது, தொண்டையைச் செருமுவதுபோலச் சின்னதாக ஒரு 'டப்'. பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை.

"நாளைக்கு இப்பிடி வந்தா சுடுவன். போ" என்றான்.

மிரட்டினானா, உண்மையாகத்தான் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது காவலரணை வெடியில்லாமல் தாண்டினோம். பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் போன பிறகு நான் வீதியில் நிற்கவில்லை. தொலைபேசிக் கடை ஒன்றுக்குப் போய் அண்ணனுக்கு எடுத்தேன். கடை நிறையச் சனம். யார் யாரென்று தெரியாத காலம். அந்த இடத்தில் நின்று 'வெடிக்குது' என்று சொல்ல முடியுமா?

"அண்ணே, நீங்க தந்த வண்டி தும்முது" என்றேன்.

"தும்முதா? என்ன தங்கச்சி சொல்ற?"

"குளிருக்குத் தும்முது. கைப்பிடிய விடக்குள்ள தும்முது. பலமா."

பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. அவரும் குரலைத் தணித்துக்கொண்டார். "ஐயோ, நான் சொல்லாம விட்டுட்டேனே. மேல காத்து கம்மி தங்கச்சி. அதுக்கு ஏத்தாப்புல பெட்ரோலும் கம்மியாப் போகணும்னு காபரேட்டருக்குள்ள சின்ன ஓட்டை வச்ச ஜெட் போட்டிருக்கேன். கீழ உங்க ஊர்ல காத்து கெட்டி. குளிர்ல இன்னும் கெட்டி. பெட்ரோல் பத்தாது, அதான் தும்முது. பெரிய ஜெட் மாத்தணும்."

"கடையெல்லாம் பூட்டு அண்ணே."

"அப்ப பக்கத்துல ஒரு பித்தள ஆணி இருக்கும், காத்தாணி. அத உள்பக்கமா கொஞ்சம் திருப்பு. காத்து கொறையும். ஒரேயடியாத் திருப்பிப்புடாத, புகஞ்சி நின்னுரும்."

மத்தியானம் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. வண்டி சத்தம் போடவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து, காலில் சைலன்சர் சுட்ட இடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நான் இனி வரேல்லை. கணக்கு எழுதாட்டில் பரவாயில்லை."

அடுத்தது, ஒரு நாள் விட்டு, கணக்குப் பாடம். அதில் சித்தியடையாவிட்டால் மற்றப் பாடங்களில் எவ்வளவு எடுத்தும் மேலே படிக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளை சொல்வதில் என்ன பிழை இருக்கிறது?

இவரிடம் சொன்னேன். முற்றத்தில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி முறுக்கி முறுக்கிப் பார்த்தார்.

"இஞ்சை வெடிக்கேல்லையே. இஞ்சேர், உனக்குப் பயத்தில அப்பிடிப் பெரிசாக் கேட்டிருக்கும்."

"ஓம், எனக்குப் பயம். அப்ப அவங்கள் எல்லாரும் என்னத்துக்கு நிலத்தில படுத்தவங்கள்?"

திருப்புளியை எடுத்துக்கொண்டு குந்தினார். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள திருப்பினாப் புகைக்கும். உன்ர அண்ணருக்கு மலையைத் தெரியும். மண்ணெண்ணெயைத் தெரியுமே?"

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பெற்றோல் வராத காலத்தில் நாங்கள் மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். ஒரு சின்னப் போத்தலில் துளிப் பெற்றோல் வைத்திருந்து, காபரேட்டருக்குள் பீச்சி, அதில் ஸ்டார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் புகைக்கும், இருமும். அதற்கு மருந்து காற்றைக் கூட்டுவது. அப்படிப் பழகியதில் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டது. வண்டி என்ன குணம் காட்டினாலும் காற்றாணியை வெளிப்பக்கம் திருப்பிவிடுவார்கள். மண்ணெண்ணெய் போய்ப் பெற்றோல் வந்து எத்தனையோ நாளாகியும் கை மாறவில்லை. இவரும் அன்று அதைத்தான் செய்தார். யோசித்துப் பார்த்தால், வண்டி எங்களிடம் வந்த நாள் முதல் வெடிக்க வெடிக்க அவர் அதைத்தான் செய்துவந்திருக்கிறார்.

"இப்ப கொண்டுபோய்ப் பார்" என்றார்.

மாலைக் குளிர் இறங்கியிருந்தது. குளக்கட்டில் கொஞ்சத் தூரம் ஓடிக் கைப்பிடியை விட்டேன். அந்த வண்டி அதுவரை போடாத சத்தம். குளத்தில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பிவிட்டன. அயல் வீடுகளில் சாத்துகிற கதவுகளின் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இவர் வீட்டுப் படலையடியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. அந்தச் சத்தம் மதகடியில் கேட்டிருந்தால் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். திருப்புளியை என் கையில் தந்தார்.

எந்தக் குளிரில் ஓடப் போகிறோமோ அந்தக் குளிரில்தான் ஆணியைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. முற்றத்து வெயிலில் சரிபார்த்த வண்டி பனிக்குள் எப்படி நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கணக்குப் பாடத்துக்கு முந்தின நாள் விடிய, பனி மூடிக் கிடந்தபோதே வண்டியைக் குளக்கட்டுக்கு உருட்டினோம். ஆணியை ஒரு நெல்லளவு உள்ளே திருப்புவேன். ஓடுவேன். கைப்பிடியை விடுவேன். 'டப்'. திரும்பி வந்து இன்னொரு நெல்லளவு. ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை விடுவதற்கு முன் மண்மூட்டைகளைத் தேடிக் கண் போகும். காவலரண் ஒன்றும் அங்கே இல்லை, குளமும் கொக்கும்தான். இருந்தும் போனது.

சத்தம் சிறுத்துச் சிறுத்து வந்து, ஒரு தடவை கேட்கவில்லை. புகை கொஞ்சம் கறுப்பாக வந்தது.

"புகைக்குது" என்றார் இவர்.

"புகைக்கு ஒருத்தரும் சுடமாட்டினம்" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் பிள்ளை போர்வையைப் போர்த்திக்கொண்டு குளக்கட்டில் நின்றாள். எப்போது வந்தாளோ தெரியாது.

"அம்மா, இன்னொருக்காப் போட்டுக் காட்டுங்கோ."

காட்டினேன். இன்னொருமுறை கேட்டாள். அதற்குப் பிறகும் கேட்டாள். நானும் சலிக்காமல் ஓடி ஓடிக் கைப்பிடியை விட்டுக் காட்டினேன். கடைசியில் அவள் வீட்டுக்குள் போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்.

மறுநாள் புறப்பட்டோம். திருப்புளி கொண்டுபோனால் அதற்கும் கேள்வி வரும் என்று, நகவெட்டியின் தட்டை அலகு போதும் என்று அதைப் பிள்ளையின் பைக்குள் போட்டேன். பிள்ளையாரடியில் தேங்காயை வைத்தேன். என்ன கேட்டுக் கும்பிட்டேன் என்றால், பிள்ளை சித்தியடையவேண்டும் என்று கேட்கவில்லை. சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளப்பா என்றுதான் கேட்டேன். பரீட்சைப் பெறுபேறு வந்தால் தேங்காயை வைக்காமல் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன்.

மதகடி. பனிக்குள் மண்மூட்டைகள் கறுப்பாகத் தெரிந்தன. என் இடுப்பைப் பிடித்திருந்த பிள்ளையின் விரல்கள் சேலைக்குள்ளால் தோலில் இறங்கின. கைப்பிடியை விட்டேன்.

ஒன்றும் இல்லை. டயர் மண்ணில் உருளும் சத்தம் மட்டும். அன்று வேறு ஆட்கள் நின்றார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார்கள்.

நான் சந்தோசப்பட்டது அடுத்த காவலரண் வரைக்கும்தான். அதற்குள் வெயில் எறிக்கத் தொடங்கிப் பனி கலைந்தது. குளிருக்கென்று உள்ளே திருப்பியிருந்த ஆணி வெயிலுக்கு அதிகமாகிவிட்டது. எஞ்சின் மூச்சு முட்டுவதுபோல் முனகியது, கறுப்பாகப் புகைத்தது, சரியாக மண்மூட்டைக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

சமய பாடத்தன்று துவக்கை நீட்டியவன் இங்கேதான் நின்றான். என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"ஏன் நிப்பாட்டினது?"

காவலரணுக்கு முன்னால் நின்றுபோகும் வண்டியை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறதோ என்றுதான் பார்ப்பார்கள். உதைத்துப் பார்த்தேன், எழும்பவில்லை. இன்னொருமுறை உதைக்கப் பயமாக இருந்தது. பெற்றோல் நிரம்பிப்போய் நிற்கும் எஞ்சின், எழும்பும்போது எந்தச் சத்தத்தைப் போடுமோ? என் கால் உதைக்கட்டையில் இருக்கிறது, கீழே இறங்கவில்லை.

"போ! போ!" என்று அவன் கத்தினான். பின்வாங்கிக்கொண்டே கத்தினான். அவனுக்கும் பயம் என்பது அப்போது தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. துவக்கு வைத்திருப்பவன் பயப்படுவதைவிடப் பயங்கரம் வேறு இல்லை.

பின்னால் பாரம் குறைந்தது. பிள்ளை இறங்கிவிட்டாள். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "அம்மா, கியரை நியூற்றலுக்குத் தட்டுங்கோ, நான் தள்ளுறன்" என்றாள். இனி வரமாட்டேன் என்று சொன்ன பிள்ளை. நான் ஹாண்டிலைப் பிடிக்க, அவள் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினாள். காலில் ஆறாத புண். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் ஏதோ வந்து படப் போகிறது என்ற நினைப்பில் என் முதுகுத் தோல் முழுவதும் கூசியது. வளைவு திரும்பும் வரைக்கும் கூசியது.

வளைவு தாண்டியதும் வண்டியை நிறுத்தி, நகவெட்டி அலகால் ஆணியைக் கொஞ்சம் வெளியே திருப்பினேன். காபரேட்டர் காயும்வரை நின்றோம். பிள்ளை வீதியோரத்தில் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தேவாரமாக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால் வட்டத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. உதைத்தேன். எழும்பியது.

மண்டபத்து வாசலைப் பூட்டப்போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அவள் உள்ளே ஓடினாள்.

பெறுபேறு வந்தபோது கணக்குக்குச் சாதாரண சித்தி. பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, மேலே படிக்க அது போதுமாக இருந்தது. ஜெட்டையும் பிறகு மாற்றினோம். வண்டி வெடிப்பதை விட்டுவிட்டது. எங்களைத்தான் பயம் விடவில்லை. இன்றைக்கும் வீதியில் எந்த மோட்டார்சைக்கிள் 'டப்' என்றாலும் என் கைகள் மேலே எழும்பப் பார்க்கின்றன. மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் மோட்டார்சைக்கிளில் ஏறுவதில்லை.

நேர்ந்த தேங்காயோடு பிள்ளையாரிடம் போனேன். கையை ஓங்கினேன். மதகடிப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சண்டை முடிந்து மண்மூட்டைகளை அகற்றிய பிறகும் போனேன், அப்போதும் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அந்த நேர்த்தி இன்னும் பாக்கி. அவர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

பிள்ளையார் அன்றைக்கு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், ஆணியைத் திருப்பியது நான், திருப்புகிற அளவுக்குக் கை நடுங்காமல் வைத்தது அவர் என்று சொல்வேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்கும் சொல்வதென்றால், சொல்லுங்கோ. சொல்லத்தான் எழுதினேன். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கோ. அம்மனைச் சேர்க்கவேண்டாம். சன்னத்தைப் பூவாக்கவேண்டாம், ஒருவரும் சுடவில்லை. அந்த ஆமிக்காரனை இதைவிடக் கெட்டவனாகவும் ஆக்கவேண்டாம், நல்லவனாகவும் ஆக்கவேண்டாம். ஒரு நாள் சத்தம் வந்தது, ஒரு நாள் வரவில்லை, வராத நாளில் வண்டி நின்றுபோனது, பிள்ளை இறங்கித் தள்ளினாள். இவ்வளவும்தான் நடந்தது.